மசக்கையும் மண்வாசனையும்

கர்ப்பிணிப் பெண் மண் தின்பதற்குத் தமிழில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று, ஓர் அரசனைப் புகழும் பாட்டில் இருக்கிறது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடுகிறார். அவன் நாட்டை எந்தப் பகைவனாலும் நெருங்க முடியாது என்று சொல்ல வந்த புலவர், அந்த மண்ணை மசக்கைக்காரப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர எதிரிகள் உண்ண முடியாது என்கிறார். கேட்ட சபைக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சூல் கொண்டவள் மண் தின்பாள் என்பது அன்றைக்கே ஊரறிந்த சங்கதி. குறுந்தொகையின் 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து நகர முடியாமல் நகரும் மேகத்துக்குப் புளிக்கு ஏங்கும் நிறைசூலிகளை உவமை சொல்கிறார். வடக்கே காளிதாசனின் ரகுவம்சத்திலும் திலீபனின் அரசி சுதட்சிணைக்கு மண் மேல்தான் ஆசை.

இப்போது மும்பைக்கு வருவோம். தாராவியின் கும்பர்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930களிலிருந்து சக்கரம் சுற்றுகிறார்கள். பக்கத்துச் சந்துகளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. பூக்கடைகளும் காப்பிக் கிளப்புகளும் தமிழ் பேசும் தெருக்கள். அங்கிருந்து கிழக்கே போனால் செம்பூர், சேடா நகர் முருகன் கோவில். மூன்று பகுதிகளிலும் சாதி வேறு, வருமானம் வேறு, வீட்டின் சதுர அடி வேறு. ஆனால் ஒரு பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "என்ன சாப்பிடணும்போல இருக்கு?" ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம். பக்கத்து மராத்தி வீட்டில் அதே நோக்கத்தோடு டோஹாளே ஜேவண் விருந்து. ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று பாட்டிகள் எச்சரிப்பார்கள். சுசுருத சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போய், நிறைவேறாத ஆசை குழந்தையைக் கூனாகவும் முடமாகவும் ஆக்கும் என்று பட்டியல் போட்டது.

காதுச் சீழுக்குக் காரணம் கிருமி. அம்மா சாப்பிடாமல் விட்ட மாங்காய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இந்த நம்பிக்கை ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் மருமகளிடம், ஒன்பது மாதமாவது அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வைத்திருக்கிறது.

உடம்பில் எது குறைகிறதோ அதைத்தான் நாக்கு கேட்கிறது என்பது பரவலான கருத்து. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சான்று மிக மெலிது. சுண்ணாம்புச் சத்து குறைந்த பெண் நடு இரவில் கேழ்வரகுக் கூழுக்கு ஏங்கி எழுந்ததாக யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் கர்ப்பிணிகளின் ஏக்கப் பட்டியலில் சாக்லேட் முன்னால் நிற்கிறது. அதில் மக்னீசியம் இருக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். அப்படியானால் மக்னீசியம் நிறைந்த கொட்டைகளையும் கீரையையும் அல்லவா அவர்கள் கேட்டிருக்க வேண்டும்? ஆர்லாஃப், ஹோர்ம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2014இல் இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். சத்துக்குறைவு என்ற விளக்கம் வலுவாக இல்லை. ஏக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது, வளர்ந்த சமையலறையின் வாசனையோடு வருகிறது. மாட்டுங்கா மாமிக்கு மாவடுவும் தாராவிப் பெண்ணுக்குக் கருவாட்டுக் குழம்பும் தோன்றுவது அதனால்தான்.

ஆகவே வயிற்றில் இருக்கும் குழந்தை கேட்கிறது என்று நினைத்து எதையும் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. மும்பையில் இந்த எச்சரிக்கைக்குத் தனிக் கனம் உண்டு. பானிபூரித் தண்ணீரும் ஐஸ் கோலாவும் கர்ப்பிணிகள் விரும்பிக் கேட்பவை. தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் காமாலையாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரோடு சாக்கடை கலக்கும் சந்தில் இந்த எண்ணை மறக்கக் கூடாது. காய்ச்சிய தண்ணீரில் புளி கரைத்து வீட்டிலேயே பூரி செய்து கொடுத்தால் ஆசையும் தீரும், ஆபத்தும் இல்லை.

பப்பாளி விஷயத்தில் பாட்டிகள் பாதி சரி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அடேபியி, கணேசன் அடைக்கன், பிரசாத் மூவரும் 2002இல் எலிகளில் சோதித்தார்கள். நன்கு பழுத்த பப்பாளியின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கவில்லை. காயிலிருந்து வடியும் பால் சுருங்க வைத்தது. காயும் அரைப்பழமும் வேண்டாம் என்பதற்கு அறிவியலின் ஆதரவு உண்டு.

நாக்கு சொல்வது ஒன்று, உடம்புக்குக் குறைவது வேறொன்று என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று தாராவிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், பரேலில் கிடைத்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். வயது நாற்பது. பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் வெளுத்து, மூச்சு வாங்கி, பிரசவத்துக்கு முன்னோ பின்னோ இறந்துகொண்டிருந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அவரை அழைத்தார்கள். ஹாஃப்கின் நிறுவனம் அவருக்கு ஆய்வுக்கூடமானது.

நுண்ணோக்கியில் அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துத் தெரிந்தன. அன்று அறியப்பட்டிருந்த கொடிய இரத்த சோகை ஒன்றிலும் அணுக்கள் இப்படித்தான் பெருக்கும். அதற்கு ஈரல் சாறு மருந்தாக இருந்தது. ஆனால் சுத்திகரித்த ஈரல் சாறு பம்பாய்ப் பெண்களிடம் பலிக்கவில்லை. இது வேறு நோய் என்று வில்ஸுக்குப் புரிந்தது. கிருமியைத் தேடுவதை விட்டு அவர் தட்டைப் பார்த்தார். யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தச் சமூகத்தில் நோய் அதிகம், எந்த வீட்டில் காய்கறியும் பழமும் பாலும் அரிது என்று கணக்கெடுத்தார். அதே ஏழை உணவை எலிகளுக்கும் பிறகு குரங்குகளுக்கும் கொடுத்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. பீர் வடிக்கும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான கரும்பசையை ஒரு குரங்குக்குக் கொடுத்தபோது அது தேறியது. பிறகு நோயாளிப் பெண்களுக்கும் அதையே கொடுத்தார். சில நாட்களில் இரத்தத்தில் புதிய அணுக்கள் பெருகத் தொடங்கின. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகள் வெளிவந்தன. குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார். பம்பாயின் சோகைக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் ஓரம் உண்டு.

மார்மைட்டில் இருந்த பொருளுக்குப் பல ஆண்டுகள் 'வில்ஸ் காரணி' என்றே பெயர். 1941இல் டெக்சாஸில் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து அதைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லே ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் நடத்திய பெரிய பரிசோதனை இன்னொன்றையும் காட்டியது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகெலும்பு மூடாமல் போகும் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கலாம். இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் அந்தச் சிறு மாத்திரையின் தொடக்கம் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் இரத்தத்தில் இருக்கிறது. பரேலில் இதை அறிந்தவர்கள் குறைவு என்பது வருத்தம்.

குறை தெளிவாக இருந்தும் நாக்கு அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. நுண்ணோக்கியும் உணவுக் கணக்கும் தேவைப்பட்டன.

ஒரே ஒரு இடத்தில் நாக்கு உண்மையைச் சொல்கிறது, அதுவும் கோணலாக. உணவல்லாத பொருள் மேல் வரும் ஆசை அது. மண், அடுப்புச் சாம்பல், திருநீறு, சிலேட்டுப் பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு, ஊறவைக்காத பச்சரிசி, கடகடவென்று கடிக்கும் ஐஸ் கட்டி. மருத்துவத்தில் இதற்குப் பைக்கா என்று பெயர். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குள்ள தொடர்பு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. இரும்புச் சத்தை ஈடுகட்டினால், குறிப்பாக ஐஸ் மோகம், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே சில நாட்களில் அடங்கிவிடுவதும் உண்டு. மூளையில் விருப்பத்தைத் தூண்டும் டோபமைன் என்ற பொருளை உருவாக்க இரும்பு தேவை. காரணம் அங்கே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் செய்த சோதனையில், சோகை உள்ளவர்கள் ஐஸ் கடித்தபோது மூளையின் சுறுசுறுப்பு கூடியது. சோகை இல்லாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

மண்ணில் இரும்பு இருக்கிறதே, அது உடம்பில் சேராதா? பெரும்பாலும் சேராது. களிமண் குடலில் கிடக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது. சோகையால் மண் தின்கிறாள், மண்ணால் சோகை கூடுகிறது. டேவிட் ஹூப்பரும் ஹெரால்ட் மானும் இந்தியாவின் மண் தின்னும் பழக்கத்தைப் பற்றி 1906இலேயே தனி நூலாக எழுதினார்கள். எதிர்த்தரப்பும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் செரா யங் குழுவினர் 2011இல், உலகெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான பதிவுகளை அலசி, களிமண் குடலில் நச்சுப் பொருளையும் கிருமியையும் தடுக்கும் கவசமாக இருக்கலாம் என்றார்கள். ஒதுக்கிவிட முடியாத வாதம்தான். ஆனால் அந்தக் கவசம் இந்தக் காலத்து நகர மண்ணுக்குப் பொருந்தாது. வங்கப் பெண்கள் கர்ப்ப காலத்தில் தின்னும் 'சிகோர்' என்ற சுட்ட களிமண் வில்லைகளை 2010இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் சோதித்தபோது ஆர்சனிக், காரீயம், காட்மியம் மூன்றும் கவலை தரும் அளவில் இருந்தன. காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். பட்டறைகளும் சாக்கடையும் நெருங்கிக் கிடக்கும் தாராவியின் மண்ணில் என்னென்ன கலந்திருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. உடைந்த பானை ஓட்டைச் சுத்தம் என்று நம்பிக் கடிப்பதும் அதே ஆபத்துதான்.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்கில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இரத்த சோகை. பாதிக்கு மேல்! இப்படிப்பட்ட நாட்டில் மண் தின்னும் பெண்ணைக் "கருமம், இதென்ன பழக்கம்" என்று திட்டினால் அவள் ஒளித்துத் தின்பாள், மருத்துவரிடம் சொல்ல மாட்டாள். அறிகுறி மறைந்துவிடும், நோய் இருக்கும்.

ஆசை வாயோடு நிற்பதில்லை, மூக்குக்கும் வருகிறது. பெட்ரோல், ஃபினாயில், புதுச் செருப்பு, புதுப் பெயிண்ட், ஈரச் சுவர், முதல் மழை பட்ட மண். இவற்றை முகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2017இல் இதை இரும்புக் குறைவின் புதிய அறிகுறியாகப் பதிவு செய்தார்கள். பாட்டிகளுக்கு இதில் புதுமை இல்லை. மண்வாசனை மேல் மோகம் இங்கே பழையது. அந்த வாசனையை விளக்கிய இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கூட, 1964இல் நேச்சர் இதழில் எழுதியபோது, உத்தரப் பிரதேசத்தில் சுட்ட மண்ணிலிருந்து வாசனையை வடித்துச் சந்தன எண்ணெயில் பிடித்து வைக்கும் அத்தர்காரர்களைக் குறிப்பிட்டார்கள்.

முகர்வதுதானே, அதில் என்ன கெடுதல்? இந்தக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மும்பையில் டாம்பர் கோலி என்று விற்கும் அந்துருண்டையின் நெடி மேல் சில கர்ப்பிணிகளுக்கு மோகம் வரும். சிலர் கடித்தும் விடுவார்கள். அதிலுள்ள நாஃப்தலின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. கர்ப்பிணி அதைத் தின்றதால் பிறந்த குழந்தைக்கு இரத்தம் சிதைந்த நிகழ்வு 1950களிலேயே மருத்துவ ஏட்டில் பதிவானது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கடுமை. பம்பாயின் பார்சிகளிடையே இந்தக் குறை அதிகம் என்பது அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. மற்றச் சமூகங்களிலும் உண்டு.

கர்ப்ப காலத்தில் மூக்கு ஏன் இப்படி ஆட்டுவிக்கிறது? மோப்பம் நாயைப் போல் கூர்மையாகிவிட்டது என்று பல பெண்கள் சொல்வார்கள். அளந்து பார்த்தால் மெல்லிய வாசனையைக் கண்டுபிடிக்கும் திறன் பெரிதாகக் கூடுவதில்லை. விருப்பு வெறுப்புதான் தலைகீழாகிறது. நேற்று வரை பிடித்த காப்பி மணம் இன்று குமட்டும். செம்பூர்க்காரர்களுக்கு மாகுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நெடி பழக்கமானது. முதல் மூன்று மாதத்தில் அதே நெடி ஒரு பெண்ணைக் கழுவுதொட்டிக்கு ஓட வைக்கும். குமட்டலின் வேர் 2023 டிசம்பரில்தான் தெளிவானது. மார்லீனா ஃபெஜ்ஸோ, ஸ்டீபன் ஓராஹிலி குழுவினர் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் காரணமாகக் காட்டினார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் இந்த ஹார்மோன் தாயின் மூளைத்தண்டைத் தாக்குகிறது. கர்ப்பத்துக்கு முன் உடலில் இது குறைவாக இருந்த பெண்களுக்குப் பாதிப்பு அதிகம். வாந்தி மனப்பிரமை, பாசாங்கு என்று மருமகளைச் சொன்னவர்கள் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குமட்டலும் தலைவலியும் தூக்கமின்மையும் வாட்டும்போது மாத்திரை வேண்டாம் என்ற பயத்தில் பலர் போய்ச் சேரும் இடம் அரோமாதெரபி. லாவெண்டர், பெப்பர்மின்ட், டீ ட்ரீ என்று சின்னச் சின்னப் பழுப்புப் பாட்டில்கள் இன்று மாட்டுங்கா மருந்துக் கடையிலும் கிடைக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கத்ஃபோஸே 1937இல் இந்தப் பெயரில் புத்தகம் எழுதிய பிறகு இது தனித் துறையானது. நம் வீடுகளில் பெயர் இல்லாமலே இருந்தது. ஓமம், சாம்பிராணி, நீலகிரித் தைலம், சூடம், வலித் தைலம். அமிர்தாஞ்சன் வலித் தைலத்தை 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கியதே பம்பாயில்தான். 1914இல்தான் அது சென்னைக்குப் போனது.

இதில் பயன் இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. ஈரானில் 100 கர்ப்பிணிகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில் எலுமிச்சை எண்ணெயின் வாசனையை முகர்ந்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. எலுமிச்சைத் தோலைக் கீறி முகரும் நம் பழக்கத்துக்கு இது துணை. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் 1990களில் பிரசவ வலியின்போது நறுமண எண்ணெய் பயன்படுத்திய 8,058 தாய்மார்களைப் பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்கு ஒருவருக்குத்தான் குமட்டல், தலைவலி போன்ற சிறு தொல்லை வந்தது. ஆனால் அங்கே துளியை எண்ணிக் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். அதுவும் பிரசவ நேரத்தில். அந்த நம்பிக்கையை மூன்றாம் மாதத்தில், வீட்டில், கையில் கிடைத்த பாட்டிலுக்கு நீட்ட முடியாது.

இயற்கையானது என்ற சொல் இங்கே ஏமாற்றுகிறது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கும் மேலான இதழ்கள் தேவை. தலையில் சூடிய ரோஜாவும் பாட்டிலில் உள்ள ரோஜாவும் ஒரே பொருள் அல்ல. இந்த எண்ணெய்களின் மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் கரைபவை. தோல், நுரையீரல், குடல் மூன்று வழியிலும் இரத்தத்தில் சேர்ந்து நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடியவை. தாய் தின்ற பூண்டின் மணம் பனிக்குட நீரில் இருப்பதைப் பிலடெல்பியாவின் மோனெல் மையத்து ஆய்வாளர்கள் 1995இல் காட்டினார்கள். வாசனை கருவறை வரை போகிறது.

கற்பூரத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குடித்துவிட்ட கர்ப்பிணிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1960களிலும் 1970களிலும் எழுதியிருக்கிறார்கள். கற்பூரம் கருவின் உடலுக்கும் போயிருந்தது. வலிப்பு கற்பூர நச்சுத்தன்மையின் முக்கிய அடையாளம். கருவின் கல்லீரலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. அந்த எண்ணெயை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை செய்தது. வெளியில் பூசும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. கோவில் தீர்த்தத்தில் கலக்கும் கடுகளவு பச்சைக் கற்பூரம் வேறு. டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யும் பூசைச் சூடம் வேறு. அதை எந்தக் காரணத்துக்காகவும் வாயில் போடக் கூடாது. சிறு குழந்தைக்கு ஒரு கிராமே உயிருக்கு ஆபத்து. நீலகிரித் தைலமும் இதே வகை. தென்னிந்திய மருத்துவமனைகளில் வலிப்போடு வந்தவர்களை ஆராய்ந்த பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் தாமஸ் மேத்யூ குழு, நீலகிரித் தைலமும் கற்பூரமும் கலந்த பொருட்கள் சிலருக்கு வலிப்பைத் தூண்டியதை 2021இல் எழுதியது. வலிப்பு நோய் உள்ள கர்ப்பிணி இவற்றைத் தொடவே கூடாது. பென்னிராயல் என்ற புதினா வகை எண்ணெயைக் கருக்கலைப்புக்காகக் குடித்த 18 வயதுப் பெண் 1978இல் கொலராடோவில் கல்லீரல் சிதைந்து இறந்தார். அருவதா, மாசிபத்திரி, கிளாரி சேஜ் எண்ணெய்களும் கர்ப்ப காலத்துக்கு வேண்டாதவை.

பூவுக்கும் மருந்துக் குணம் உண்டு என்பதற்கு வேலூர் சாட்சி. பால் கட்டிக்கொண்ட மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டுக் கிராம வைத்தியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988இல் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் இரு பிரிவினருக்கும் குறைந்தது. மாட்டுங்காவில் முழம் கணக்கில் வாங்கித் தலையில் வைக்கும் மல்லிகையைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. ஆனால் வாசனைப் பொருள் வெறும் அலங்காரம் என்று இனி சொல்ல முடியாது.

தாராவிக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் சமையல், படுக்கை, பூசை எல்லாம் ஒன்றாக. அதில் ஊதுபத்தி, சாம்பிராணி, இரவில் கொசுவர்த்தி. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரியும்போது 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவு நுண்துகள் வெளியாகும் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்தது. லாவெண்டர் பாட்டிலைப் பற்றிய பயத்தைவிட இந்தப் புகையைப் பற்றிய பயம் நியாயமானது. கர்ப்பிணி இருக்கும் அறையில் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டலாம். சாம்பிராணியை வாசலில் காட்டலாம்.

அரோமாதெரபி வேண்டும் என்பவர்களுக்கு நடைமுறை இதுதான். முதல் மூன்று மாதம் பாட்டில் எண்ணெயே வேண்டாம். பிறகும் குடிக்கவே கூடாது. தோலில் பூசுவதானால் ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு துளி போதும், அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. வலித் தைலத்தை நெற்றியில் கொஞ்சம் தடவுவதோடு நிறுத்த வேண்டும். வயிற்றிலும் இடுப்பிலும் தினமும் தேய்க்கக் கூடாது. அவற்றில் பலவற்றில் உள்ள மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஆவி பிடிக்க வெறும் வெந்நீரே போதும்.

மண்ணாசைக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், தினம் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் லூசி வில்ஸின் தேடலில் பிறந்த ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். புளிப்பு ஆசை இங்கே கைகொடுக்கிறது. கட்டிங் சாயோடு எடுத்தால் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம்.

தாராவியின் சோட்டா சயான் சுகாதார மையம், அதன் தாய் மருத்துவமனையான சயான் லோகமான்ய திலக் மருத்துவமனை இரண்டிலும் கர்ப்பிணிகளுக்குச் சோதனை நடக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் சயானில் தொடங்கிய குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் நிறுவிய ஸ்நேஹா அமைப்பின் பெண்கள் தாராவிச் சந்துகளில் வீடு வீடாகப் போகிறார்கள். நீங்கள் இவர்களில் ஒருவராக இருந்தாலும், மாமியார், தாய், நர்ஸ், மருத்துவர் யாராக இருந்தாலும், "என்ன சாப்பிடணும்போல இருக்கு?" என்ற கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள். மண், சாம்பல், பல்பம், ஐஸ் எதையாவது தின்னத் தோன்றுகிறதா? எதையாவது முகர்ந்துகொண்டே இருக்கத் தோன்றுகிறதா? ஆம் என்றால் முகம் சுளிக்காமல் அந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்த சோகை, அதற்குச் சிகிச்சை உண்டு.